கனவில் நின்ற தேர்

பக்கிரிசாமி ரசம் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது கரண்டியில் சோறு மிதந்தது. நான்காவதில் ரசம் இலையின் ஓரம் தாண்டித் தரையில் இறங்கியது. ஐந்தாவது கரண்டி, உட்கார்ந்திருந்தவரின் வேட்டியை நனைத்தது.

"ஐயா, நான் சாப்பிட வந்தேன். குளிக்க வரல" என்றார் அந்தப் பாதயாத்திரைக்காரர்.

பந்தியில் இருந்த இருபத்தாறு பேரும் சிரித்தார்கள். பக்கிரிசாமி கரண்டியை வாளிக்குள் போட்டுவிட்டு, தோள் துண்டால் தரையைத் துடைத்தார். அவர் தூங்கிவிடவில்லை. ரசம் தானாக நிற்கும் என்று காத்திருந்தார். கனவில் அப்படித்தான் நடந்தது. போதும் என்று நினைத்தால் எதுவும் நின்றுவிடும்.

அந்த மடம் வாய்க்காலுக்கும் சாலைக்கும் நடுவே இருந்தது. நடந்து போகிறவர்களுக்கு மதியம் ஒருவேளை சோறு போடும் மடம். அதை நடத்தியவர் செங்கமலத்தம்மா. அவருக்கு நாற்பத்தாறு வயது. அவரிடம் சீடராக இருந்த பக்கிரிசாமிக்கு ஐம்பத்தொன்பது. குருவைவிடச் சீடர் பதின்மூன்று வயது மூத்தவர் என்பதில் இருவருக்குமே கொஞ்சம் கூச்சம் உண்டு. ஆகவே மரியாதை இரண்டு பக்கமும் கூடுதலாகவே இருந்தது.

பந்தி முடிந்ததும் செங்கமலத்தம்மா சுவரில் சாய்ந்து கால் நீட்டினார். காலையிலிருந்து ஒருமுறையும் உட்காரவில்லை.

"இந்த மாசத்துல இது மூணாவது தடவை" என்றார்.

"நாலும்மா. பாயசத்தன்னிக்கு நீங்க பார்க்கல."

"தூங்கி எழுந்தா களைப்பு போகுதா, இல்லையா?"

"எங்கேம்மா போகுது? தூக்கத்துலயும் வேலை இருக்கே."

அந்த வேலையை அவருக்குக் கற்றுக்கொடுத்தவரே செங்கமலத்தம்மாதான்.

பக்கிரிசாமி பூவாலங்குடித் தேருக்கு முப்பத்தோரு வருஷம் முட்டுக்கட்டை போட்டவர். முன் சக்கரங்களில் வலது அவருக்கு, இடது சிங்காரவேலுவுக்கு. கட்டையைக் கையில் பிடித்து, சக்கரத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி நடக்க வேண்டும். விசில் கேட்டதும் சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுக்க வேண்டும். அவ்வளவு பெரிய தேரும் அந்தக் கட்டைக்குத்தான் நிற்கும், திரும்பும்.

கட்டைக்காரர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தேரன்று விடியற்காலையிலேயே சாமியைக் கும்பிட்டுவிட வேண்டும். வடம் பிடித்த பிறகு தலை நிமிரக் கூடாது. தேர் நிலைக்கு வந்து சேரும்வரை கண் சக்கரத்தின் மேல்தான். ஊரே சாமியைப் பார்க்கும். எட்டுக் கட்டைக்காரர்கள் மட்டும் பார்க்க மாட்டார்கள்.

முப்பத்தோராம் வருஷம், தெற்கு வீதித் திருப்பத்தில், பக்கிரிசாமி நிமிர்ந்து பார்த்தார். ஒரு மூச்சு நேரம்தான். விசில் கேட்டுக் குனிவதற்குள் கட்டை பிந்திவிட்டது. திரும்ப வேண்டிய தேர் நேரே நகர்ந்தது. இடது சக்கரத்துக்கு முன்னால் இருந்த சிங்காரவேலுவுக்கு விலக இடமில்லை. உயிர் இருந்தது. வலது கால் முழங்காலோடு போயிற்று.

பக்கிரிசாமி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வீட்டுக்கும் போகவில்லை. பத்து மாதம் எங்கெங்கோ அலைந்து கடைசியில் இந்த மடத்துக்கு வந்து கரண்டியைப் பிடித்தார். படுத்தால் தேர் வந்தது. விசில் கேட்கும், கை நகராது, அலறி எழுவார். இதை அவர் வாய்விட்டுச் சொன்னதே நான்கு மாதத்துக்கு முன்புதான்.

அப்போது செங்கமலத்தம்மா ஒரு வழி சொன்னார். பகலில் இருபத்தொரு முறை, எந்த வேலையில் இருந்தாலும், 'இங்கே நான் எப்படி வந்தேன்?' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். விழித்திருந்தால் பதில் இருக்கும். கனவில் பதில் இருக்காது. பகலில் கேட்டுப் பழகினால் ஒருநாள் கனவிலும் கேட்கத் தோன்றும். கேட்டால் கனவு என்று தெரிந்துவிடும். தெரிந்தால் பயம் போய்விடும்.

அறுபத்து மூன்றாம் நாள் அது பலித்தது. தேர் வந்தது. 'இங்கே நான் எப்படி வந்தேன்?' என்று கேட்டார். பதில் இல்லை. கனவு என்று தெரிந்தது. கையை நீட்டினார். தேர் நின்றது. அன்று விடியும்வரை தூங்கினார். விபத்துக்குப் பிறகு அவர் அப்படித் தூங்கியது அதுதான் முதல்முறை.

அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை.

"இப்பல்லாம் தேரை நிறுத்தினதும் சிங்காரத்தையும் வரவழைக்கிறேம்மா" என்றார். "ரெண்டு காலோட நடந்து வர்றான். என் தோள்ல கை வைக்கிறான். 'பரவாயில்ல பக்கிரி, உன் மேல தப்பில்ல'ன்னு சொல்றான். அதோட முழிப்பு வந்துடுது. வெத்தலை மெல்லுற நேரம்கூட இருக்க மாட்டேங்குது. இன்னும் கொஞ்ச நேரம் உள்ளேயே இருக்க ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க."

"எத்தனை நாளா வர்றாரு?"

"நாப்பத்தோரு நாளா."

"வேற ஏதாவது பேசுவாரா?"

"இல்ல. அதேதான்."

"ஒரு வார்த்தைகூட மாறாதா?"

"ஒரு எழுத்து மாறாது."

"நேர்ல எப்படிப் பேசுவாரு?"

பக்கிரிசாமியின் முகத்தில் அன்று முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "நேர்லயா? வாயைத் திறந்தா வசவுதான். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. மண்டுன்னுதான் கூப்பிடுவான்."

"கனவுல பக்கிரின்னு கூப்பிடுறாரே."

பக்கிரிசாமி துண்டை எடுத்து, துடைத்த தரையையே மறுபடி துடைத்தார்.

"இன்னிக்குத் தேரை நிறுத்துங்க" என்றார் செங்கமலத்தம்மா. "அவர் வரட்டும். ஆனா அவர் என்ன சொல்லணும்னு நீங்க நினைக்காதீங்க. கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. என்ன சொல்றாருன்னு கேட்டுக்கிட்டு வாங்க."

மறுநாள் காலை பக்கிரிசாமி அடுப்படிக்கு வரவில்லை. வாய்க்கால் படியில், தண்ணீரில் கால் வைத்து உட்கார்ந்திருந்தார். செங்கமலத்தம்மா வந்து இரண்டு படி மேலே உட்கார்ந்தார்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

"போயிட்டாரா?"

"போகல. நின்னான். வாயைப் பாதி திறந்தபடி என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நின்னான். நான் எடுத்துக்கொடுத்தாத்தான் பேசுவேன்கிற மாதிரி." பக்கிரிசாமி தண்ணீரைப் பார்த்தார். "ரொம்ப நேரம் நின்னாம்மா. பாவமா இருந்துச்சு."

செங்கமலத்தம்மா தாழ்ந்த குரலில் சொன்னார்.

"என் வீட்டுக்காரர் செத்தப்ப எனக்கு இருபத்தெட்டு வயசு. எங்க குரு இந்த வழியச் சொல்லிக்கொடுத்தாரு. நானும் உங்களை மாதிரிதான், பயம் போனதோட நிறுத்தல. ஒன்பது வருஷம் அவரைக் கூப்பிட்டு வச்சுப் பேசினேன். கோபக்காரர் அவரு. கனவுல ஒருநாள்கூடக் கோபப்படல. அப்புறம் ஒருநாள் பார்க்கிறேன், அவர் வாயிலேருந்து என் குரல் வருது."

"அவர் குரல்?"

"யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். முழிச்சிருக்கிறப்பவும் ஞாபகம் வரல. இன்னிவரைக்கும் வரல."

செங்கமலத்தம்மா ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்தார்.

"சிங்காரம் இப்ப எங்கே இருக்காரு?"

"பூவாலங்குடியிலதான். கீழவீதி."

"எவ்வளவு தூரம்?"

"பதினோரு மைல்."

"எனக்குப் போய்க் கேட்க இடமில்ல. உங்களுக்குப் பதினோரு மைல்தான்."

"பயமா இருக்கும்மா."

"தேர் வந்தப்பவும் பயந்தீங்க."

"அது கனவுன்னு தெரிஞ்சதும் பயம் போயிடுச்சு. இது கனவில்லையே."

"அதனாலதான் போகச் சொல்றேன்" என்று எழுந்தார். "உளுந்து ஊறிக்கிட்டிருக்கு. நாளைக்குக் காலையில கிளம்புங்க. ரசத்தை நான் பார்த்துக்கிறேன்."

மறுநாள் ஏழரை மணிக்குப் பக்கிரிசாமி கீழவீதியில் சிங்காரவேலுவின் வீட்டு வாசலில் நின்றார். 'இங்கே நான் எப்படி வந்தேன்?' என்று கேட்டுக்கொண்டார். பதில் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் கேட்டார். ஆறேகால் பஸ். ஜன்னலோர சீட். பக்கத்தில் கீரைக்கட்டோடு ஒரு பெண். தேரடியில் இறங்கி இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு நடந்தது. ஒன்று விடாமல் ஞாபகம் வந்தது. கனவு இல்லை.

உள்ளே, ஜன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்து சிங்காரவேலு சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் நுரை. கண்ணாடியிலேயே ஆளைப் பார்த்துவிட்டார். திரும்பவில்லை.

"மண்டு" என்றார்.

பக்கிரிசாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு வருஷத்துக்கு இருபத்திமூணு நாள் குறைச்சல். எந்த ஊர்லடா சோறு தின்னே?"

"பதினோரு மைல்ல. மடத்துல."

"பதினோரு மைலா!" சிங்காரவேலு இப்போது திரும்பினார். "நான் காசி ராமேஸ்வரம்னு நினைச்சுக்கிட்டிருக்கேன். நாப்பது நாள் ஆஸ்பத்திரியில கிடந்தேன். கால் போனதுக்கு நான் அழல, உள்ளே இருக்காளே, அவகிட்ட கேளு. கதவு திறக்கிறப்பல்லாம் தலையைத் தூக்கித் தூக்கிக் கழுத்து சுளுக்கிக்கிச்சு. கடைசியில கழுத்துக்கும் சேர்த்துத்தான் மருந்து கொடுத்தாங்க."

உள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "ஆமா, அந்தச் சுளுக்கு இன்னும் விடல."

பக்கிரிசாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அன்னிக்கு மேல பார்த்தேல்ல?"

"பார்த்தேன்."

"எப்படிடா இருந்துச்சு?"

"எது?"

"சாமிடா. தேர் ஓடுறப்ப சாமி எப்படி இருக்கும்? முப்பத்தோரு வருஷம் நான் அந்தச் சக்கரத்தைத்தான் பார்த்தேன். அதுல எத்தனை ஆணின்னு கேளு, சொல்றேன். நம்ம எட்டுப் பேர்ல நீ ஒருத்தன்தான் பார்த்திருக்கே. அதான் கேக்கிறேன்."

பக்கிரிசாமிக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

"வெயில் கண்ணுல அடிச்சுது. மூஞ்சி தெரியல. மாலையோட அடிப்பக்கம் மட்டும் தெரிஞ்சுது."

சிங்காரவேலு சவரக்கத்தியைக் கீழே வைத்தார்.

"மாலையோட அடிப்பக்கம்."

"ஆமா."

"இதுக்கா என் காலு?"

பிறகு அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று பக்கிரிசாமிக்குப் பிடிபடவில்லை. நாற்காலி ஆடியது. நுரை வாய்க்குள் போய் அவருக்குப் புரையேறியது. பக்கிரிசாமி ஓடிப்போய் உச்சந்தலையில் தட்டினார். மூன்று வருஷத்தில் அப்போதுதான் அவரைத் தொட்டார்.

"மண்டு, மண்டு" என்றார் சிங்காரவேலு, மூச்சு வந்ததும். "பார்த்ததுதான் பார்த்தே. முழுசாப் பார்த்துத் தொலைச்சிருக்கக் கூடாதா?"

அதன் பிறகு பதினொன்றரை மணிவரை திட்டினார். நடுவில் ஒரு டம்ளர் மோர் வந்தது. அதைக் குடிக்கும்போது மட்டும் திட்டு நின்றது.

கிளம்பும்போது பக்கிரிசாமி கேட்டார். "என்னை மன்னிச்சிட்டியா?"

"அதெல்லாம் கேக்காதே. தேரன்னிக்குக் காலையில ஆறு மணிக்கு வா. என்னைத் தூக்கிட்டுப் போய் அந்தத் திருப்பத்துல உக்கார வை. ரெண்டு தேர் போயிடுச்சு, பார்க்க வர்றவனுங்க வாசலோட திரும்பிப் போயிடுறானுங்க, தூக்க ஆள் இல்ல. போ, வெயில் ஏறுது."

பக்கிரிசாமி மடத்துக்குத் திரும்பியபோது மணி மூன்று. செங்கமலத்தம்மா முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். பக்கிரிசாமி எதிரில் உட்கார்ந்தார். உடம்பு அடித்துப்போட்டது போல இருந்தது.

"மன்னிச்சாரா?"

"இல்ல."

"என்ன சொன்னாரு?"

"சாமி எப்படி இருந்துச்சுன்னு கேட்டான்."

செங்கமலத்தம்மா நிமிர்ந்து பார்த்தார். "நாப்பத்தோரு நாள்ல ஒருநாளாவது இதைக் கேட்டாரா?"

"எனக்கே தோணாதப்ப அவன் எப்படிம்மா கேப்பான்?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது பக்கிரிசாமிக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் அவரும் அரிசியில் கல் பொறுக்கினார். நான்கு கல் அகப்பட்டது.

"'இங்கே நான் எப்படி வந்தேன்'னு கேக்கிறத இனிமே விட்டுடட்டுமாம்மா?"

"தேர் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"அலறுவேன்."

"அப்ப எதுக்கு விடணும்? நீங்க தூங்காம இருந்திருந்தா இன்னிக்குப் பதினோரு மைல் போயிருக்க மாட்டீங்க. தேர் வந்தா கேளுங்க. நிறுத்துங்க."

"சிங்காரம் வந்தா?"

"கனவுன்னு தெரிஞ்சுக்காம இருங்க. தெரிஞ்சா நீங்கதான் அவரைப் பேச வைப்பீங்க."

"ஒருதரம் தெரிஞ்சு பழகினப்புறம் அது என் கையிலயா இருக்கு?"

"இல்லதான்" என்றார் செங்கமலத்தம்மா, முறத்தை ஒருமுறை புடைத்துவிட்டு. "சிங்காரமும் உங்க கையில இல்ல."