டேங்க் மூடியின் ஊசித்துளை

"ஓடும்போது ஒழுங்காத்தான் ஓடுது, வாத்தியாரம்மா. நின்னா மட்டும் கத்துது," என்றாள் பேச்சியம்மாள்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. வாத்தியாரம்மா என்று அவள் கூப்பிட்ட எஸ்தருக்கு முப்பதுகூட ஆகவில்லை. மலைச்சாலை தொடங்கும் இடத்தில் எஸ்தர் மெக்கானிக் கடை வைத்திருந்தாள். இறந்துபோன கணவனின் பழைய இரட்டை சிலிண்டர் மோட்டார் சைக்கிளைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பேச்சியம்மாள் அவளிடம் தொழில் படித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகினேன். குறைச்சா அணைஞ்சுபோகுது. கூட்டினா கத்துது. மூணு மாசமா திருகிக்கிட்டேதான் இருக்கேன்."

"ஸ்க்ரூ பாவம்க்கா."

எஸ்தர் வண்டியை ஸ்டார்ட் செய்தாள். குனிந்து, கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஓரிடத்தில் விரலை வைத்து அழுத்தினாள்.

எஞ்சினின் கத்தல் அடங்கியது.

விரலை எடுத்தாள். கத்தியது.

அங்கே நிலக்கடலை அளவில் ஒரு ரப்பர் மூடி. சூட்டில் காய்ந்து வெடித்திருந்தது.

"வேண்டாத காத்து இது வழியாப் போகுது." புது மூடிகள் இரண்டை அவள் கையில் வைத்தாள். "சிலிண்டருக்கு ஒண்ணு. நீங்களே மாட்டுங்க."

மாட்டினாள். வண்டி சீராகத் துடித்தது.

பேச்சியம்மாள் சிரித்தாள். சிரித்த கையோடு மகளுக்கு போன் போட்டாள். மகள் மரகதம் மலைமேல் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

மணி அடித்து ஓய்ந்தது.

"மூணு நாளா எடுக்க மாட்டேங்குறா. வேலை நேரத்துல கூப்பிடாதேங்குறா. இங்கே மெஸ் இருக்கு, சோத்தைத் தூக்கிக்கிட்டு தினமும் மலையேறி வராதேங்குறா. சாப்பிட்டியான்னு கேட்டது ஒரு குத்தமா?"

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேப்பீங்க?"

"பெத்தவ எண்ணிக்கிட்டா இருப்பா?"

எஸ்தர் ஸ்பேனரைத் துடைத்தாள்.

"நாளைக்கு நேர்லயே போறேன். என்கிட்ட பேசுவாளா மாட்டாளான்னு பாத்திடுறேன்."

மறுநாள் காலை பத்து மணிக்கு வண்டி மலையிலிருந்து சத்தமில்லாமல் உருண்டு வந்து கடைமுன் நின்றது. ஹேண்டில்பாரில் தூக்குச்சட்டி தொங்கியது. பேச்சியம்மாளின் முகம் சிவந்திருந்தது.

"நீ கொடுத்த மூடி சரியில்லை. எட்டாவது வளைவுல நின்னுபோச்சு. கொஞ்ச நேரம் விட்டா ஸ்டார்ட் ஆகுது. நாலு எட்டு போறதுக்குள்ள மறுபடி நிக்குது."

எஸ்தர் ரப்பர் மூடிகளைத் தொட்டுப் பார்த்தாள். நன்றாக இருந்தன.

"வேற ஏதாச்சும் செஞ்சீங்களா?"

"ஒண்ணும் செய்யலை. வேண்டாத காத்து போகக்கூடாதுன்னு நீதானே சொன்னே? சாயங்காலம் உக்காந்து, கண்ணுல பட்ட ஓட்டையை எல்லாம் பசை வச்சு அடைச்சேன்."

எஸ்தர் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்தாள்.

'ஸ்ஸ்' என்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது.

மூடியின் நடுவே ஒரு சின்னப் பசை உருண்டை இருந்தது.

"ஊக்கு இருக்காக்கா?"

பேச்சியம்மாள் தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். எஸ்தர் பசையைக் குத்தி எடுத்தாள். ஊசித்துளை ஒன்று தெரிந்தது.

"மேலே காத்து வந்தாத்தான் கீழே பெட்ரோல் இறங்கும்."

"அந்த ஓட்டையை அடைக்கணும். இந்த ஓட்டையை அடைக்கக்கூடாது. நான் எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

"அடைச்சுப் பாருங்க. அப்புறமும் ஓடினா சரி."

"ஓடலைன்னா?"

எஸ்தர் ஊக்கை அவளிடம் திருப்பிக் கொடுத்தாள். "இது இருக்கே."

ஒரே உதையில் வண்டி கிளம்பியது.

"இனி நிக்காது. மேலே போங்க."

பேச்சியம்மாள் போகவில்லை. டேங்க் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எஞ்சினை அணைத்தாள். தூக்குச்சட்டியை இறக்கி, கடையின் மரப்பெட்டிமேல் வைத்துத் திறந்தாள்.

"உக்காரு, சாப்பிடலாம். கருவாட்டுக் குழம்பு."

"மகளுக்குக் கொண்டு வந்ததாச்சே, அக்கா!"

"அங்கே மெஸ் இருக்கு."

இருவரும் சாப்பிட்டார்கள். பேச்சியம்மாளின் கை இரண்டு முறை போன் பக்கம் போய், இரண்டு முறையும் சோற்றுக்கே திரும்பியது.

எஸ்தர் இரண்டாம் முறை குழம்பு ஊற்றிக்கொண்டபோது போன் அடித்தது.

"அம்மா, எங்கே இருக்கே? காலையில இருந்து ஒரு போனையும் காணோம். சாப்பிட்டியா?"

"சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்," என்றாள் பேச்சியம்மாள்.

'நீ சாப்பிட்டியா' என்று திருப்பிக் கேட்கவில்லை.

பிறகு, "அம்மா, நேத்து இங்கே என்ன நடந்துச்சு தெரியுமா?" என்று மரகதம் ஆரம்பித்தாள்.