அலையாத்திக் காட்டில் அமைச்சரின் பட்டங்கள்

நீலங்கராயன் என்று ஒரு ராஜா. வாய் முந்திக்கொள்ளும், யோசனை மறுநாள்தான் வரும். அமைச்சர் விடங்கரின் முகஸ்துதியில் உருகி, எதைக் கேட்டாலும் தருவதாகச் சபையறியச் சொல்லிவிட்டான். விடங்கர் கேட்டது ஆற்றுமுகத்து அலையாத்திக் காட்டை.

அங்கே கோடரியும் வலையும் நுழையக்கூடாது என்பது ராஜாவின் பாட்டனார் போட்ட கட்டளை. மீன் குஞ்சு பொரிப்பதும் நாரை கூடு கட்டுவதும் அங்கேதான். காடு அழிந்தால் கரையோரத்து வலைஞர்கள் பட்டினி கிடக்க வேண்டியதுதான். விடங்கருக்கோ அதை வெட்டி மாளிகை கட்ட ஆசை. கடல் வற்றிய நேரத்தில் பல்லக்கிலிருந்து ஒருமுறை எட்டிப் பார்த்ததோடு சரி, அந்த மேதாவிக்கு அந்த இடத்தைப் பற்றி வேறொன்றும் தெரியாது.

கொடுத்த வாக்கை மீற முடியாமல் ராஜா விகடகவி சீராளனிடம் புலம்பினான்.

"தாராளமாகக் கொடுங்கள், மன்னா. ஆனால் முறைப்படி கொடுங்கள்" என்றான் சீராளன்.

அந்த நாட்டில் நிலம் பெறுகிறவர் அந்த மண்ணிலேயே வெறுந்தரையில் உட்கார வேண்டும். சாசனம் வாசித்து முடியுமுன் எழுந்தால் தானம் ரத்து. சீராளன் விடங்கரிடம் போய், பௌர்ணமியைவிட நல்ல நாள் கிடையாது, சாசனத்தில் தங்கள் பட்டம் ஒன்றுகூட விடுபடக்கூடாது என்று குழைந்தான். விடங்கர் பூரித்துப்போனார். தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டங்களையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லி எழுதவைத்தார். ராஜாவுக்குக்கூட அவ்வளவு கிடையாது.

பௌர்ணமியன்று, வற்றிய கடல் திரும்பும் வேளையில், விடங்கர் பட்டு வேட்டியோடு சேற்றில் அமர்ந்தார். ராஜாவும் சபையாரும் மேட்டில் இருந்தார்கள். சீராளன் ராகம் போட்டு வாசித்தான். வேட்டி நனைந்தது. இடுப்பு முங்கியது. நண்டு ஒன்று வேட்டிக்குள் புகுந்து உரிமையோடு கிள்ளியது.

"பட்டங்களை விட்டுவிட்டு நிலத்துக்கு வாருமையா" என்று பல்லைக் கடித்தார் விடங்கர்.

"தங்கள் பெருமையைச் சுருக்க இந்த ஏழைக்கு என்ன தகுதி, ஐயா?" என்ற சீராளன், இன்னும் இழுத்து வாசித்தான்.

தண்ணீர் கழுத்தைத் தொட்டதும் விடங்கர் அலறி எழுந்தார். காடு தப்பியது. சொட்டச் சொட்ட மேட்டுக்கு வந்து, இது சூழ்ச்சி என்று குதித்தார். பட்டங்களைச் சொன்னது நீர்தானே என்று ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றிச் சீராளனுக்குப் போட்டு, இன்னும் எதை வேண்டுமானாலும் கேள் என்றான். அவனுக்குப் புத்தி வந்தபாடில்லை.

"மிச்சப் பட்டங்களை வாசிக்கச் சொல்லாதீர்கள், மன்னா, அது போதும்" என்றான் சீராளன். "அவை முடிவதற்குள் இந்த மேடும் முங்கிவிடும்."