வளையம் திரும்பிய பக்கம்

ஐப்பசி அடைமழை இரண்டு நாள் ஓய்ந்திருந்தபோது, மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு இது நடந்தது. இடம், ஊதுபாறைத் தேயிலைத் தோட்டத்தின் எடைக் கொட்டகை.

பொன்னையா ஓய்வுபெற்ற இராணுவ ஹவில்தார். வயது ஐம்பத்து நான்கு. ஆடி மாதத்தில் அவருடைய தங்கை மகளை ஒரு சிறுத்தை தேயிலைக்குள் இழுத்துச் சென்றது. அதைத் தம் கையால் சுட்ட பிறகே தாடியை மழிப்பது என்று முடிவுசெய்து, அவர் ஜெபமாலையிடம் சீடராக வந்து சேர்ந்தார்.

ஜெபமாலை அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அந்த மலையில் ஆட்கொல்லியைச் சுட வனத்துறை நம்பி அனுமதிக் கடிதம் கொடுப்பது அவளுக்கு மட்டுமே. இம்முறை அவள் கேட்டதனால் கடிதத்தில் அவர் பெயரும் இருந்தது. அவர் அவளை ஆசானே என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

கொட்டகைச் சுவரின் மேல் ஒரு மணல்மூட்டை. அதன்மேல் துப்பாக்கியில் பொருத்தும் ஸ்கோப்புகள் இரண்டு அருகருகே கிடந்தன. ஒன்று ஜெபமாலையின் பழையது. எதையும் நான்கு மடங்குதான் பெரிதாக்கும். மற்றது தோட்டத்துத் துரை பட்டணத்திலிருந்து வரவழைத்தது. வளையத்தைத் திருப்பினால் பதினாறு மடங்கு வரை போகும். துப்பாக்கி பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது.

“அந்தி வெளிச்சத்துக்கு எது நல்லது, ஆசானே?”

“நீங்களே பாத்துச் சொல்லுங்க, அண்ணாச்சி. ஓடைக்கரையில என்னமோ அசையுது.”

பொன்னையா புதியதில் கண் வைத்தார். வளையத்தைக் கடைசிவரை திருப்பினார். நெடுநேரம் அசையவில்லை.

“என்ன தெரியுது?”

“மயிரு. பழுப்பா இருக்கு. நடுவுல கருப்பு. மூச்சு வாங்குது. அதேதான், ஆசானே. பெட்டியைத் திறங்க.”

அவள் பெட்டியைத் திறக்கவில்லை. அவருடைய வலக்கைச் சுட்டுவிரலைப் பிடித்து, அவர் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டினாள். வெறுங்காற்றில் அது விசையை இழுக்கும் கொக்கிபோல் மடங்கியிருந்தது.

“இப்போ இந்தப் பழசுல பாருங்க.”

பழையதில் எல்லாம் சிறிதாகத் தெரிந்தன. ஆனால் ஓடை, கரை, பாறை அனைத்தும் அதற்குள் இருந்தன. நடுவே, பழுப்பில் கருப்புக் கோடு போட்ட கம்பளியைத் தலையோடு போர்த்தியபடி, கொழுந்து பறிக்கும் ஏசடியாள் என்ற பெண் குந்தியிருந்தாள். ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள்.

பொன்னையா ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தார்.

“புதுசுலயும் வளையத்தைக் குறைச்சு வெச்சா இவ்வளவும் தெரியும்,” என்றாள் ஜெபமாலை. “ஏன் குறைக்கல?”

“கிட்டத்துல பாக்கணும்னு இருந்துச்சு.”

“எதை?”



அப்போது ஜீப்பில் துரை வந்து இறங்கினார். இளைஞர், அவசரக்காரர். ஓடைக்கரையைப் பார்த்தார், தழைக்கட்டைத் தூக்கிய ஏசடியாளையும் பார்த்தார்.

“ஐந்தரைக்கு ஆலைச் சங்கு ஊதிய பிறகு தேயிலைக்குள் ஆள் நடமாடக் கூடாது என்று உத்தரவு. அதற்கு மேல் அசைவது எதுவானாலும் சுடலாம் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன்.”

“சொன்னீங்க. நாங்க கேட்டுக்கலை,” என்றாள் ஜெபமாலை.

“அவளை யார் இந்நேரத்தில் வரச் சொன்னது?”

“சங்கு ஊதுறவரைக்கும் உங்க கொழுந்தைப் பறிச்சா, அவ ஆட்டுக்கு எப்போ தழை ஒடிக்கிறது, துரை?”

துரையின் முகம் சிவந்தது. “புது ஸ்கோப்பை மாட்டி, இருட்டிலும் உட்கார்ந்தால்தான் பேசிய கூலி. இல்லையென்றால் ஒரு காசும் கிடையாது. மலையை விட்டு இறங்கலாம்.”

ஜெபமாலை புதியதைத் துடைத்தாள். அதன் உறையில் வைத்து மூடி, துரையின் கையில் கொடுத்தாள்.

“கூலி உங்களுது, வெச்சுக்கிடுங்க. கடிதத்துல எங்க ரெண்டு பேரு பேருதான் இருக்கு. நாங்க இறங்கலை.”

ஜீப் போன பிறகு பொன்னையா வெடித்தார்.

“அதைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டாம். ஆறரைக்கு மேல இந்தப் பழசுல ஒண்ணும் தெரியாது.”

“தெரியாது.”

“அப்புறம்?”

“துப்பாக்கியைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போவோம்.”

“அதுக்கப்புறம் அது வந்தா?”

“வரட்டும்.”

“பயந்துட்டீங்க, ஆசானே.”

“ஆமா.”

“நான் என் தங்கச்சி முகத்துல எப்படி முழிக்கது?”

“ஏசடியாள் பிள்ளைக முகத்துல முழிக்கதைவிட அது லேசு, அண்ணாச்சி.”

அதன்பின் பத்தொன்பது மாலைகள் ஆறரை மணிக்குத் துப்பாக்கியைப் பூட்டினார்கள். அவற்றுள் இரண்டு நாள், பூட்டிய பிறகு பாறைக்குப் பின்னால் உறுமல் கேட்டது. பொன்னையா பற்களைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

இருபதாம் நாள், கார்த்திகையில், ஆறேகாலுக்குச் சிறுத்தை ஓடைப் பாறையின் மேல் ஏறி நின்றது. தலை முதல் வால் வரை தெரிந்தது. அதன் முன்னும் பின்னும் ஒருவரும் இல்லாததும் தெரிந்தது. பொன்னையா ஒரே குண்டில் முடித்தார்.

துரை சொன்னபடியே கூலி தரவில்லை. மறுநாள் பொன்னையா தாடி மழித்த முகத்தோடு, தம் ஓய்வூதியத்தை ஒரு கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து, ஆசானின் முன் வைத்தார்.

“இது எதுக்கு?”

“துரை கொடுக்காததை நான் கொடுக்கேன்.”

ஜெபமாலை முடிச்சை அவிழ்க்காமலே அவர் பக்கம் தள்ளினாள்.

“எனக்கு நீங்க ஒண்ணும் தர வேண்டாம். அன்னைக்கு உங்க விரல் மடங்குச்சே, அண்ணாச்சி. அந்தக் கடனை யாருகிட்ட கொடுத்துத் தீர்ப்பீங்க?”

பொன்னையா கைக்குட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மார்கழி முதல் தேதியிலிருந்து, சங்கு ஊதியதும், ஏசடியாளின் தழைக்கட்டு பொன்னையாவின் தலையில் அவள் வீட்டுக்கு வந்தது. நான்காம் நாள் அவள் காரணம் கேட்டாள். ஓடைக்கரையில் நின்றபடியே, அன்று அவளைச் சிறுத்தை என்று எண்ணி விரல் மடக்கியதை ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நடந்தாள்.

ஐந்தாம் நாள் அவள் ஒன்றுக்குப் பதில் இரண்டு கட்டு ஒடித்து வைத்திருந்தாள். பங்குனி முடியும்வரை அவர் இரண்டையும் சுமந்தார்.