சாமரைக்கு ஏற்ற சேணம்

காட்டின் நடுவே ஆனைமடு என்றொரு குளம் இருந்தது. அந்தக் கோடையில் அதன் தண்ணீர் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே வந்தது. ஒருநாள் காலையில் பார்த்தால், நடுக்குளத்தில் நாலு முழ அகலத்துக்குக் கலங்கல் மட்டுமே மிச்சம். அதற்குள் அல்லியம்மா என்ற ஆமையும் அவளுடைய இருபத்தொரு குஞ்சுகளும் ஒண்டிக் கிடந்தார்கள்.

"இன்னும் மூணே நாள்! அப்புறம் இந்தச் சேறும் காய்ஞ்சிடும். என் பிள்ளைங்க கருவாடாயிடும்!" என்று அல்லியம்மா அழுதாள்.

மலைக்கு அந்தப் பக்கம் வற்றாத ஆறு ஒன்று ஓடியது. ஆனால் நடுவில் மூக்குப்பாறைக் கணவாய் நின்றது. அங்கே இருப்பது ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளம். கொதிக்கும் கல்லில் ஆமைக்குஞ்சுகள் நகர்ந்து போய்ச் சேருவது நடக்கிற காரியமா?

அந்தப் பாதையில் கால் இடறாமல் ஏறி இறங்கத் தெரிந்தவள் காட்டிலேயே ஒருத்திதான். அவள் சாமரை என்ற குதிரை.

"அழாதீங்க அக்கா! என் ரெண்டு பக்கமும் கூடை கட்டுங்க. உங்களையும் பிள்ளைங்களையும் நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்!" என்றாள் சாமரை.

கூடை கட்ட வேண்டுமானால் முதுகில் சேணம் வேண்டும். சேணம் என்றால் சுக்காண்டி.

சுக்காண்டி ஒரு குரங்கு. கழுதைக்கும் எருமைக்கும் சேணம் செய்து பேர் வாங்கியவன். "சுக்காண்டி சேணத்தைக் கண்ணை மூடிக்கிட்டுப் போடலாம்!" என்பது ஊர் சொன்ன பேச்சல்ல, அவனே சொல்லிக்கொண்டது. அவனிடம் உருண்டு திரண்ட வேங்கைக் கட்டை ஒன்று இருந்தது. யாருக்குச் சேணம் என்றாலும் அந்தக் கட்டையின் மேல் வைத்துத்தான் செய்வான்.

அரை நாளில் சேணம் தயார். சாமரையின் முதுகில் தூக்கி வைத்து, வயிற்று வாரை இழுத்துக் கட்டினான். அவள் நாலு அடி வைத்தாள். "அம்மா!" என்று துள்ளினாள். சேணம் ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது.

காரணம் இல்லாமல் இல்லை. சாமரைக்குத் தோளுக்கு மேலே எலும்பு கூர்மையாக எழும்பியிருக்கும். அதற்குப் பின்னால் முதுகு பள்ளமாக இறங்கும். போதாக்குறைக்கு, இடது தோள் வலது தோளைவிடப் பெரியது. வேங்கைக் கட்டைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

"மெத்தை பத்தலை!" என்றான் சுக்காண்டி. இலவம்பஞ்சை அடைத்து ஒரு திண்டு வைத்தான். வலி கூடியது. இன்னொரு திண்டு வைத்தான். இன்னும் கூடியது. இறுக்கமான செருப்புக்குள் துணியைத் திணித்தால் கால் சுகப்படுமா? மூன்றாவது திண்டும் வைத்தபோது சாமரையின் தோளில் தோல் உரிந்துவிட்டது.

"என் சேணத்துல ஒரு குறையும் இல்லை. உன் முதுகுதான் கோணல்!" என்று கத்தினான் சுக்காண்டி.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தக் கதைதான்!

சாமரை தலையைக் குனிந்துகொண்டாள். "கோணல் முதுகாவே இருக்கட்டும் அண்ணே. வலிச்சாலும் பரவாயில்லை, கட்டுங்க. பிள்ளைங்க உயிர் பெரிசு," என்றாள். எப்பேர்ப்பட்ட மனசு பாருங்கள்!

"கட்டாதீங்க!" என்று மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

நாச்சி என்ற தையல்சிட்டு அத்திமரக் கிளையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு இலைகளை நாரால் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுகிற குருவி. உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது.

"வலியோட போனா கணவாயில ஒரு இடத்துல உடம்பு சிலிர்த்துக்கும். அங்கே ஒரு சிலிர்ப்பு போதும், கூடையோட எல்லாரும் பள்ளத்துல! முதல்ல அந்த முதுகு என்ன சொல்லுதுன்னு கேட்போம்," என்றாள் நாச்சி.

"முதுகு பேசுமா?" என்று சுக்காண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

நாச்சி பறந்து வந்து சாமரையின் தோளில் உட்கார்ந்தாள். "கொஞ்சம் மேட்டுல ஏறு கண்ணு... இப்ப இறங்கு," என்றாள். சாமரை ஏறும்போதெல்லாம் தோள் எலும்பு பின்னால் போய்ப் போய் வந்தது. அத்தனையையும் அந்தச் சின்னக் கால்கள் அறிந்துகொண்டன.

பிறகு ஈர வாழைப்பட்டைகள் மூன்றைக் கொண்டுவரச் சொன்னாள். ஒன்றைத் தோள்மேல், ஒன்றை நடுமுதுகில், ஒன்றை இடுப்புக்கு முன்னால் குறுக்கே போட்டு வெயிலில் நிற்க வைத்தாள். பட்டைகள் காய்ந்தன. மேடு, பள்ளம், இடது வலது வித்தியாசம் எல்லாம் அப்படியே அவற்றில் பதிந்து நின்றன. இப்படி ஒரு யோசனை காட்டில் யாருக்கும் தோன்றியதில்லை!

மரச்சட்டம் செதுக்க நாச்சிக்குக் கை ஏது? அவள் சுக்காண்டியைப் பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்போது குளத்தில் ஒரு குஞ்சு, "அம்மா, தண்ணி சுடுது!" என்று முனகியது.

சுக்காண்டி உளியை எடுத்துவிட்டான். "எங்கே வெட்டணும்? சொல்லு!" என்றான். நியாயமாகச் சொல்ல வேண்டும். அவன் கையில் குறையே இல்லை, காதுதான் கொஞ்சம் மந்தம்.

வாழைப்பட்டை சொன்னபடி அவன் செதுக்கினான். முதுகெலும்பின் மேல் எதுவும் படாதபடி நடுவில் வாய்க்கால்போல் இடைவெளி விடச் சொன்னாள் நாச்சி. தோள் புரளவும் இடம் விடச் சொன்னாள். மூன்று திண்டுகளையும் பிரித்து எறிந்துவிட்டு, மெல்லிசாக ஒரே ஒரு திண்டைத் தைத்தாள். உரிந்த இடத்தில் சேணம் படவே இல்லை.

இரண்டாம் நாள் காலை சாமரை சேணத்தோடு மேட்டில் ஓடிவிட்டு வந்தாள். கழற்றிப் பார்த்தால் முதுகெல்லாம் வியர்வை. நடுமுதுகில் இடப்பக்கம் மட்டும் ஓர் இலை அளவுக்குக் காய்ந்து கிடந்தது.

"பார்த்தியா! அந்த இடத்துல வியர்க்கவே இல்லை. எவ்வளவு சுகமா இருக்குது!" என்று குதித்தான் சுக்காண்டி.

"இல்லை அண்ணே. சேணம் அமுக்குற இடத்துலதான் வியர்வை வராது. நாளைக்கு அங்கேதான் புண்ணாகும்," என்றாள் நாச்சி. மளமளவென்று தையலைப் பிரித்தாள்.

மறுபடி தைத்தாள். மறுபடி ஓட்டம். இப்போது வலப்பக்கம் விரல் அளவுக்கு ஒரு காய்ந்த கோடு.

"விரல் அளவுதானே! விடு, பொழுது போகுது!" என்றான் சுக்காண்டி.

"விரல் அளவு நமக்கு. சுமக்கிறது அவ!" என்றாள் நாச்சி. மறுபடி பிரித்தாள். நாரை இழுத்து இழுத்து அலகு ஓரம் சிவந்துபோனது. ஒரு முறைகூட அவள் அலுத்துக்கொள்ளவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எருமைகள் புல்லை மறந்து நின்றன.

மூன்றாம் நாள் விடிந்ததும் சாமரை ஏறினாள், இறங்கினாள், ஓடினாள். சேணத்தைக் கழற்றினார்கள். முதுகு முழுவதும் ஒரே சீராக நனைந்திருந்தது. காய்ந்த இடம் கடுகளவும் இல்லை.

"கட்டுங்க கூடையை!" என்றாள் நாச்சி.

அல்லியம்மா ஒரு கூடையில் ஏறினாள். அவள் கனத்துக்குச் சரியாக இருபத்தொரு குஞ்சுகளையும் ஈரப்பாசியையும் மறு கூடையில் வைத்தார்கள். சுக்காண்டி பின்னால் நடந்தான். நாச்சி தலைக்கு மேல் பறந்தாள்.

கணவாயின் நடுவில் மேலேயிருந்து ஒரு கல் உருண்டு வந்தது. "ஐயோ!" என்று அலறினாள் அல்லியம்மா. சாமரை பின்னங்கால்களை ஊன்றி முன்னால் ஒரே பாய்ச்சல் பாய்ந்தாள்! கல் அவள் வாலை உரசிக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. சேணம் ஒரு நூல்கூட நகரவில்லை. கூடைக்குள் குஞ்சுகள், "இன்னொரு தடவை!" என்று கூச்சலிட்டன.

உச்சி வெயிலுக்கு முன் ஆற்றங்கரை வந்தது. கூடைகளை இறக்கியதும் குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் குதித்தன. அல்லியம்மா எண்ணிப் பார்த்தாள். இருபத்தொன்றும் இருந்தன. சாமரையின் குளம்பில் தலையை வைத்துக்கொண்டு விம்மினாள்.

சாமரை ஆற்றில் இறங்கி வயிறாரத் தண்ணீர் குடித்தாள். கரையேறிப் புல் மேயத் தொடங்கினாள்.

"வா சாமரை, சேணத்தைக் கழட்டிடுறேன்!" என்று கூப்பிட்டான் சுக்காண்டி.

சாமரை நிமிர்ந்து பார்த்தாள். "சேணமா? அட! அது இன்னும் என் முதுகுலேயா இருக்குது?" என்றாள்.

சுக்காண்டி நாச்சி உட்கார்ந்திருந்த நாணற்கதிரின் பக்கம் திரும்பினான். வாய் நிறையப் பெருமை பேசுகிற அவன் அன்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பினான்.

சுமப்பவரைக் கோணல் என்று பழிக்காமல், அவர் வலியைக் கேட்டறிந்து அதற்கு ஏற்றபடி சுமையை அமைப்பவரே உண்மையான கைவினைஞர்.