முகம் காட்டாத விமர்சகர்

"டீச்சர், என் கண்ணீர் மேலேயே எனக்குச் சந்தேகமா இருக்கு."

சமையல்கட்டின் பின்கதவில் நின்றபடியேதான் சவரிமுத்து இதைச் சொன்னார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

பூரணி டீச்சர் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"முன்வாசலுக்கு என்ன ஆச்சு சார்?"

"தெருமுனையிலேயே பார்த்துட்டேன், அங்கே மாசிலாமணியோட ஸ்கூட்டர் நிக்குது."

"நிக்கட்டுமே. அது என்ன கடிக்கவா போகுது?"

சவரிமுத்து உள்ளே எட்டிப் பார்த்தார். கூடத்தில் யாரும் இல்லை. மேஜை மேல் குடித்துவிட்டு வைத்த டம்ளர் ஒன்று மட்டும் இருந்தது. அதையும் ஒரு பார்வை பார்த்துவைத்தார்.

இந்த சவரிமுத்து யாரென்றால், வாரப் பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதுகிறவர். சந்தேகம்தான் அவர் மூலதனம். யாராவது ஒரு படத்தை நல்லா இருக்கு என்றால் போதும், 'இவனுக்கு என்ன கிடைச்சிருக்கும்?' என்று உடனே மூக்கு வியர்த்துவிடும்.

உலகத்தில் அவர் நம்பிய ஒரே ஆள் பூரணி டீச்சர். சினிமாப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறவர். இவரைவிட எட்டு வயது சின்னவர். ஆனாலும் படம் பார்க்கிற விஷயத்தில் சவரிமுத்துவுக்குக் குரு அவர்தான். அந்த நம்பிக்கையிலும் இன்றைக்கு ஓட்டை விழுந்துவிட்டது. ஸ்கூட்டர் வாசலில் நிற்கிறதே!

"மாசிலாமணி எதுக்கு இங்கே வந்தான்?"

"அவரும் ஒரு கேள்வியோட வந்திருக்கார்."

"என்ன கேள்வி?"

"அதை அவர்கிட்ட கேளுங்க. முன்படியிலதான் உக்காந்திருக்கார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"காபி குடுத்தேன். உக்காருங்கன்னு சொன்னேன்."

சவரிமுத்துவுக்குச் சுருக்கென்றது. 'சரிதான், இங்கேயும் ஆள் பிடிச்சாச்சு' என்று மனசு சொன்னது. இருந்தாலும் போக மனசில்லை. செருப்பைக் கதவின் உள்பக்கம் உதறிவிட்டு வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

மாசிலாமணியும் அவரும் கல்லூரியிலிருந்தே வாடா போடா சிநேகிதம். மாசிலாமணி காலமெல்லாம் அசிஸ்டெண்டாகவே அலைந்து, தலை நரைத்த பிறகு இப்போதுதான் முதல் படம் எடுத்திருக்கிறான். 'லாரி வரும் நேரம்' என்று பேர். நாளைக்கு ரிலீஸ். இன்று காலை பிரஸ் ஷோ. சாயங்காலம் ஆறு மணிக்குள் சவரிமுத்து விமர்சனம் அனுப்பியாக வேண்டும்.

பெரிய ஹீரோ படம் என்றால் யார் என்ன எழுதினாலும் மூன்று நாள் ஓடிவிடும். இது சின்னப் படம். சவரிமுத்து காலை வாரினால் சனிக்கிழமையே தியேட்டர்காரன் தூக்கிவிடுவான். அதோடு மாசிலாமணியின் கதையும் முடிந்தது. இது ரெண்டு பேருக்குமே தெரியும்.

"எழுதிட்டீங்களா?" என்றார் டீச்சர்.

சவரிமுத்து போனை எடுத்து சமையல் மேடை மேல் வைத்தார்.

"எழுதியாச்சு. கிழிச்சுத் தொங்க விட்டிருக்கேன். கண்ணீரை வச்சு வியாபாரம் பண்ற படம்னு. அனுப்பத்தான் இல்லை."

"அனுப்ப வேண்டியதுதானே?"

"அழுதுட்டேனே டீச்சர்! அதுதானே கோளாறு!"

டீச்சர் இன்னும் ரெண்டு வெண்டைக்காயை எடுத்துக் காம்பு கிள்ளினார்.

"சரி, அது இருக்கட்டும். இந்த மாசம் வேற என்ன பார்த்தீங்க? அதைச் சொல்லுங்க."

சவரிமுத்துவுக்கு இது பிடித்த இடம். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு பேய்ப் படம். பங்களா, பொம்மை, பாதிரியார், எல்லாம் இருந்துச்சு. பயம் மட்டும்தான் இல்லை."

"யாருமே பயப்படலையா?"

"பின் வரிசையில ரெண்டு பொண்ணுங்க வீல்னு கத்தினாங்க. எல்லாம் கம்பெனி ஆளுங்க."

"எப்படித் தெரியும்?"

"திரும்பிப் பார்த்தேனே. கத்தி முடிச்சுட்டு பாப்கார்ன் சாப்பிடுறாங்க."

"அப்புறம்?"

"ஒரு காமெடிப் படம். கல்யாண மண்டபத்துல மாப்பிள்ளை மாறிப் போற கதை. தியேட்டரே சிரிச்சுச்சு. நான் நம்பல. திரும்பிப் பார்த்தேன். பாதிப் பேர் ஹீரோவோட ஊர்க்காரங்க."

"ஊர்க்காரங்கன்னு நெத்தியில எழுதியிருந்துச்சா?"

"மூஞ்சியைப் பார்த்தா தெரியாதா டீச்சர்?"

"சரி. அப்புறம்?"

"ஒரு அடிதடிப் படம். ஹீரோ ஒரே குத்துல லாரியை நிறுத்துறார். விசில் பறக்குது. திரும்பிப் பார்த்தேன். விசில் அடிச்சவன் கையில போன். அவனே அடிச்சு அவனே வீடியோ எடுக்கிறான்!"

சும்மா சொல்லக் கூடாது, டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சவரிமுத்துவுக்கு அது போதவில்லை. இந்தச் சிரிப்பு நிஜம்தானா என்று அவர் முகத்தையே ஒரு கணம் உற்றுப் பார்த்தார்.

"இப்ப சிநேகிதர் படத்துக்கு வாங்க. எங்கே அழுதீங்க?"

சவரிமுத்துவின் குரல் இறங்கியது.

"அந்தத் தெருவுல தண்ணி லாரி வரும். ஒரு அம்மா தினமும் ரெண்டு குடம் வரிசையில வைப்பா. ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு புருஷனுக்கு. ரெண்டையும் புருஷன்தான் தூக்கிட்டுப் போவான். அவன் செத்துப் போயிடறான். காரியமெல்லாம் முடிஞ்சு மறுபடி லாரி வருது. அவ ரெண்டு குடத்தையும் கொண்டாந்து வைக்கிறா. வச்ச பிறகுதான் பார்க்கிறா."

"ம்."

"ரெண்டாவது குடத்தை மெதுவா வரிசையிலேருந்து எடுத்து ஓரமா வைக்கிறா. பின்னாடி நிக்கிறவகிட்ட, 'நீ முன்னால வா'ங்கிறா. அவ்வளவுதான்."

"பாட்டு கீட்டு போட்டு அழ வச்சாரா?"

"ஒண்ணும் இல்லை. குடத்துல தண்ணி விழுற சத்தம் மட்டும்."

"அப்புறம் என்ன சந்தேகம்?"

சவரிமுத்து எழுந்துவிட்டார். முகம் சிவந்துவிட்டது.

"அது என் கதை டீச்சர்! என் வீட்டுக்காரி ரெஜினா போய்ச் சேர்ந்த பிறகு நான் ரொம்ப நாள் ரெண்டு காபி போட்டுக்கிட்டிருந்தேன். கை பாட்டுக்குப் போட்டுரும். ஒரு நாள் மாசிலாமணி வந்தான். ரெண்டாவது டம்ளரைப் பார்த்தான். ஒண்ணும் கேட்கல. எடுத்துக் குடிச்சுட்டுப் போயிட்டான். நல்லவன்னு நினைச்சேன். குடிச்சவன் அதைக் கொண்டுபோய்ப் படத்துல வச்சிருக்கான்! காபியைத் தண்ணியா மாத்திட்டா எனக்குத் தெரியாதா? சவரியை இங்கே தட்டினா இங்கே அழுவான், அழுதா நல்லா எழுதுவான்னு கணக்குப் போட்டிருக்கான். எனக்காகவே வச்ச சீன் அது!"

இத்தனை நாள் யாரிடமும் சொல்லாத காபி விஷயம் அது.

டீச்சர் கத்தியைக் கீழே வைத்தார்.

"உங்களுக்காகவே வச்ச சீன்னா தியேட்டர்ல வேற யாரும் அழுதிருக்க மாட்டாங்க இல்லையா?"

"மாட்டாங்க."

"யாரும் அழலையா?"

சவரிமுத்து வாயைத் திறந்தார்.

"எனக்கு... தெரியலை."

"பேய்க்குக் கத்தினவங்களைத் தெரியுது. காமெடிக்குச் சிரிச்சவன் எந்த ஊர்னு தெரியுது. விசில் அடிச்சவன் கையில என்ன இருந்துச்சுன்னு தெரியுது. இது எப்படி சார் தெரியாமப் போச்சு?"

"நான் பார்க்கல."

"ஏன்?"

சவரிமுத்து மறுபடி முக்காலியில் உட்கார்ந்தார். எத்தனை வருஷம், எத்தனை படம்! பின்னால் திரும்பிப் பார்க்காமல் அவர் ஒரு படம் பார்த்ததில்லை. இன்று காலை அந்த ரெண்டாவது குடம் ஓரத்துக்குப் போனபோது, தியேட்டரில் வேறு யாராவது இருக்கிறார்கள் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை.

கண் மறுபடி பொங்கிவிட்டது. டீச்சர் வெண்டைக்காயை வாணலியில் போட்டார்.

ஒரு கிளறு கிளறிவிட்டு, "படம் முடிஞ்சதும் எப்படி வெளியே வந்தீங்க?" என்று கேட்டார்.

"எப்பவும் போலத்தான்."

அந்த எப்பவும் போல என்னவென்று சொல்லிவிடுகிறேன். பிரஸ் ஷோ முடிந்தால் டைரக்டர் வாசலில் வந்து நிற்பது வழக்கம். விமர்சகர்கள் வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பாவம், வருகிற முகங்களைப் பார்த்துத்தான் அந்த மனுஷன் தன் ஜாதகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் எல்லோரும் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு, "கூப்பிடுறேன் சார்" என்று கைகொடுத்துவிட்டு நழுவுவார்கள். சவரிமுத்து அதற்கும் இடம் கொடுப்பதில்லை. பாத்ரூமில் முகம் கழுவிக்கொண்டு, ஜெனரேட்டர் ரூம் பக்கத்துப் படிக்கட்டு வழியாக இறங்கி, நேராக வண்டிகள் நிறுத்துகிற இடத்துக்குப் போய்விடுவார். இதுவரை எந்த டைரக்டரும் அவர் முகத்தைப் படித்ததில்லை. அதில் அவருக்குப் பெருமையோ பெருமை.

"மாசிலாமணி வாசல்லயே நின்னாராம்," என்றார் டீச்சர். "எல்லா முகமும் வந்துச்சாம். ஒண்ணு மட்டும் வரலையாம்."

சவரிமுத்து எழுந்து பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் போனார். முகம் கழுவக் குழாயைத் திருகினார்.

டீச்சர் கையை நீட்டிக் குழாயை மூடினார்.

"தண்ணி வராது சார்."

"இப்ப வந்துச்சே!"

"உங்களுக்கு வராது."

சொல்லிவிட்டுப் போய்ப் பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டார். திரும்பி வந்து வாணலியைக் கிளற ஆரம்பித்தார். இவர் பக்கம் திரும்பவே இல்லை.

சவரிமுத்து தாழ்ப்பாளைப் பார்த்தார். பிறகு கூடத்தைப் பார்த்தார். இந்த அம்மாவும் சேர்ந்துதான் நாடகம் ஆடுகிறார்களோ என்று ஒரு சந்தேகம் கடைசியாக எட்டிப் பார்த்தது. ஆடினால் ஆடட்டும் என்று தோன்றிவிட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முன்வாசலுக்கு நடந்தார். போன் சமையல் மேடையிலேயே கிடந்தது. அதன் நினைவே அவருக்கு இல்லை.

முன்படியில் மாசிலாமணி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிரஸ் ஷோவுக்காக இஸ்திரி போட்ட சட்டை முதுகில் வியர்த்து ஒட்டிக்கிடந்தது. காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினான்.

சவரிமுத்துவின் கை பாக்கெட்டில் கர்ச்சீப்பைத் தேடியது. நடுவில் நின்றுவிட்டது.

மாசிலாமணி அந்த முகத்தைப் பார்த்தான். நெற்றியிலிருந்து தாடைவரை, அவசரமே இல்லாமல் பார்த்தான். பிறகு கொஞ்சம் நகர்ந்து படியில் இடம் விட்டான்.

சவரிமுத்து உட்கார்ந்தார்.

"எந்த இடத்துலடா?" என்று கேட்டான் மாசிலாமணி.

பழக்கதோஷம், பின்னால் யாராவது பார்க்கிறார்களா என்று சவரிமுத்துவின் கழுத்து திரும்பப் போனது.

திரும்பவில்லை.

"ரெண்டாவது குடம்," என்றார்.