மிக்கேலின் கிட்டாரும் தொம்மையின் உள்ளங்கையும்

மந்தாரவிளைக்காரர்கள் யார் சொன்ன சொல்லையும் தட்ட மாட்டார்கள். அவர்களிடம் உள்ள ஒரே கோளாறு அதுதான்.

அந்த ஊர்க் கொத்தனார் மிக்கேலுக்கு, பேக்கரி வியாகப்பன் மகள் ரோஸ்லின் மேல் உயிர். ரோஸ்லினுக்கும் அப்படித்தான். இடையில் நின்றது ஒரு கிட்டார். மிக்கேல் அதை எடுத்து ஓர் அடி அடித்தால் அடுப்பில் உப்பிக்கொண்டிருக்கும் கேக்கெல்லாம் பயந்து அமுங்கிவிடுகிறது என்பது வியாகப்பனின் புகார்.

"ஏலே மிக்கேல், கோயில் திருவிழாவுல எல்லார் முன்னாலயும் வாசி. சத்தம் அடங்கி இதமா இருந்தா பொண்ணு உனக்கு. இல்லன்னா மார்த்தாண்டத்து மாப்பிள்ளைக்கு" என்று அவர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

மிக்கேல் நாகர்கோவிலில் கிட்டார் சொல்லிக்கொடுக்கும் ஒரு சாருக்குப் போன் போட்டான். பாவம், நல்ல மனுஷன்.

"அதுக்குப் பாம் மியூட்டிங்னு ஒண்ணு இருக்கு தம்பி. வலது உள்ளங்கை ஓரத்தை, கம்பி வந்து முடியுற இடத்துல வை. கையை எடுக்காம வாசி. சத்தம் டுக் டுக்னு அடங்கி வரும்" என்றார்.

மிக்கேல் கையை வைத்தான். எடுக்கவில்லை.

சோறு தின்னும்போதும் எடுக்கவில்லை. கூட்டாளி ஆட்டோ இன்னாசிதான் ஊட்டிவிட்டான். சட்டை மாற்ற முடியாமல் சட்டையின் வலது கையைக் கத்தரித்தார்கள். குளிக்கும்போது கிட்டாருக்கு மழைக்கோட்டு மாட்டினார்கள். கிட்டாரோடு சாரத்தில் ஏறிப் பூசப் போன இடத்தில் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார். பதிலுக்குக் கும்பிடக்கூட மிக்கேலால் முடியவில்லை.

இத்தனைக்கும் பிறகு கிட்டாரில் சத்தமே வரவில்லை. மறுபடி போன்.

"நீ அமுக்குற தம்பி. கை பஞ்சு மாதிரி இருக்கணும்" என்றார் சார்.

இன்னாசி மிக்கேலின் உள்ளங்கையைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "மக்கா, இது பஞ்சு இல்ல. உப்புத்தாள்."

"சிமெண்டுல கிடக்குற கை வேற எப்படி இருக்கும்? உன் கையைக் காட்டு."

"நானும் ஆக்சிலேட்டரை முறுக்கி முறுக்கிக் காய்ச்சுப்போனவன்தான். ஊர்ல பஞ்சுக் கை யாருக்கு இருக்கு?"

இருவரும் திரும்பித் தொம்மையைப் பார்த்தார்கள். தொம்மை அவர்களுடைய மூன்றாவது கூட்டாளி. பிறந்ததிலிருந்து ஒரு துரும்பைக் கூட எடுத்து அந்தப் பக்கம் போட்டதில்லை. அவன் கையை நீட்டினான். இன்னாசி தொட்டுப் பார்த்துக் கண் கலங்கிவிட்டான்.

"இம்புட்டு நல்ல கையை இத்தனை வருஷமா சும்மாவா லே வச்சிருந்த?"

"சும்மா வச்சிருந்ததாலதான் லே இப்படி இருக்கு" என்றான் தொம்மை.

மிக்கேலின் கைக்கு அன்றே விடுதலை கிடைத்தது. தொம்மையின் வலது கை ஊர்ச் சொத்தானது. அதற்கு மூன்று வேளையும் தேங்காய் எண்ணெய் பூசினார்கள். அதில் கொசு உட்காராமல் விசிற ஓர் ஆள் போட்டார்கள். தொம்மைக்கு வேட்டி கட்டிவிடுவதும் இன்னாசியின் பொறுப்பில் வந்தது. தொம்மை எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை.

திருவிழா மேடையில் மிக்கேல் கிட்டாரோடு நின்றான். அவன் பின்னால் ஒட்டி நின்ற தொம்மை, இடுப்பைச் சுற்றிக் கையை விட்டு உள்ளங்கையைக் கம்பிமேல் பட்டும் படாமலும் வைத்தான். மிக்கேல் வாசித்தான். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அருமையாக இருந்தது. அழுத பிள்ளையெல்லாம் வாயை மூடிக்கொண்டு கேட்டது.

வியாகப்பன் உருகிப்போய் எழுந்தார். "சத்தத்தை இப்படி அடக்கின கைக்குத்தான் என் மகளைக் கட்டிக்குடுப்பேன்! இது வாக்கு!"

கூட்டம் கைதட்டியது. மிக்கேல் மட்டும் மேடையிலேயே உட்கார்ந்து அழுதான்.

"அது என் கை இல்லையே இன்னாசி! என் ரோஸ்லின் போச்சே!"

இன்னாசி வெகுநேரம் யோசித்தான். "அழாத மக்கா. கைக்குன்னுதானே சொன்னாரு? ஆளுக்குன்னு சொல்லல்ல. கை தொம்மையோடதா இருக்கட்டும். ஆளா நீ நில்லு."

"கை மட்டும் தனியா எப்படி லே வரும்?"

"தொம்மை பின்னால நிக்கட்டும். பழகினதுதானே?"

அப்படியே கல்யாணம் வந்தது. "ரெண்டு பேரும் வலது கையைப் பிடிச்சுக்கோங்க" என்றார் பங்குச்சாமியார். மிக்கேலின் இடுப்போரமாக எண்ணெய் மினுங்கும் ஒரு கை வந்து ரோஸ்லினின் கையைப் பிடித்தது.

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "மாப்பிள்ளை யாருப்பா?"

"கை அவனுது சாமி. ஆளு நான்" என்றான் மிக்கேல்.

சாமியார் ஊருக்குப் புதுசு. இந்தப் பக்கத்து வழக்கம் போலிருக்கிறது என்று மேற்கொண்டு நடத்தினார். தாலியை மிக்கேல்தான் கட்டினான். தாலியைப் பற்றி வியாகப்பன் எந்த வாக்கும் கொடுத்திருக்கவில்லை.

பூசை முடிந்தும் தொம்மை பிடித்த கையை விடவில்லை.

"விடு லே" என்றான் மிக்கேல்.

"சாமி பிடின்னாரு. விடுன்னு சொன்னாரா?"

ரோஸ்லினும் அந்த ஊர்ப் பெண்தானே. யோசித்துப் பார்த்து, "ஆமா, சொல்லல்ல" என்றாள். மூவரும் அப்படியே இன்னாசியின் ஆட்டோவில் ஏறினார்கள். கட்டிய மனைவியின் கையைத் தொட்டுக்கூடப் பார்க்காத மிக்கேல் ஓரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தான்.

விஷயம் சாமியார் காதுக்குப் போனது. அவர் ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு வந்து குளத்தங்கரையில் ஆட்டோவைப் பிடித்தார். பக்கத்தில் ஓட்டியபடியே தொண்டை கிழியக் கத்தினார்.

"டேய்! கையை விடுங்கடா!"

சாமியார் சொல்லை யார் தட்டுவார்கள்? தொம்மை உடனே விட்டான். இன்னாசியும் விட்டான்.

ஆட்டோ கரையிலிருந்து இறங்கி, ஆம்பல் இலைகளை ஒதுக்கிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் போய் நின்றது. பயத்தில் ரோஸ்லின் பக்கத்தில் கிடைத்த மிக்கேலின் கையைப் பாய்ந்து பிடித்தாள். சொரசொரவென்று இருந்தது. அவள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மிக்கேலுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

முன்சீட்டில் இன்னாசி இரண்டு கையையும் உயரத் தூக்கியபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான். கரையில் நின்ற சாமியாரைப் பார்த்து மரியாதையாகக் கேட்டான்:

"சாமி, நான் திரும்ப எப்போ பிடிக்கணும்?"