சூட்டைச் சேர்த்து வைத்த மாமன்கள்

கொடைக்கானலுக்கும் மேலே, பூண்டு விளைகிற மலையில் மூங்கிப்பள்ளம் என்றொரு ஊர். அங்கே சடையாண்டி, குழந்தைவேலு, பூவலிங்கம் என்று மூன்று அண்ணன் தம்பிகள். மூவரும் யோசிக்காமல் எதையும் செய்யமாட்டார்கள். சிக்கலே அதுதான்.

அவர்களுடைய ஒரே தங்கை சிட்டம்மா, தேனிப் பக்கம் வாக்கப்பட்டவள். அவள் பிள்ளைக்குத் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்த வேண்டும். மார்கழிக் குளிரில் பேரனை மலைக்கு அனுப்ப அவள் மாமியாருக்கு மனசில்லை. பிள்ளை ஒரு தும்மல் தும்மினாலும் உடனே கீழே கொண்டுவந்து, காதையும் கீழேயே குத்திவிடுவோம் என்று மாமியார் சொல்லியனுப்பினாள். மாமன்களுக்குச் சோறு இறங்கவில்லை.

வத்தலக்குண்டிலிருந்து அருளப்பன் கொத்தனாரை வரவழைத்து, வீட்டு நடுவில் குளிர்காய ஒரு கணப்படுப்பு கட்டினார்கள். அடுப்பைச் சுற்றிக் கனமான கல்சுவர். கிளம்பும்போது கொத்தனார் நிதானமாகச் சொன்னார்:

"காலையில ஒரு தடவை நல்லா எரிச்சாப் போதும். கல்லு சூட்டை வாங்கி வச்சுக்கிட்டு, மறுநாள் வரைக்கும் கொஞ்சங்கொஞ்சமாக் குடுக்கும். சூட்டை மட்டும் வீணாக்கிராதீக."

சிட்டம்மா வருகிற அன்று காலையில் நன்றாக எரித்தார்கள். மதியத்துக்குள் வீடு கதகதவென்று ஆகிவிட்டது. குழந்தைவேலு சொகமாக ஸ்வெட்டரைக் கழற்றினான். மூத்தவன் சடையாண்டிக்கு முகம் சுருங்கிப் போனது.

"பிள்ளை வர்றது சாயங்காலம். இது இப்பவே குடுக்க ஆரம்பிச்சுருச்சேடா."

"யாருக்கு?"

"நமக்குத்தான்."

"நாம கேக்கலையேண்ணே."

மருமகனுக்கு வைத்த சூட்டை மாமன்களே தின்று தீர்ப்பதா? வீட்டிலிருந்த கம்பளி, போர்வை, சட்டை, ஸ்வெட்டர் எல்லாவற்றையும் சுவருக்குப் போர்த்திவிட்டு, மூவரும் வேட்டியோடு வெளியே போய்ப் பனிமூட்டத்தில் உட்கார்ந்தார்கள்.

பூவலிங்கத்துக்கு ஒரு சந்தேகம். கல் நிஜமாகவே சூட்டை வாங்கிக்கொண்டதா? மிச்சம் கிடந்த கல் ஒன்றைப் பூண்டுத் தராசில் நிறுத்தான். தணலில் போட்டு, நன்றாகக் காய்ந்தபின் இடுக்கியால் எடுத்து மறுபடி நிறுத்தான். முள் அதே இடத்தில் நின்றது.

"சூடு உள்ள போகலண்ணே" என்றான்.

சடையாண்டி கண்ணை மூடி யோசித்தார். "போயிருக்குடா. சூடு உள்ள வரவும் குளிர் வெளிய போயிருச்சு. அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சு."

பூவலிங்கத்துக்கு மனசு நிறைந்துவிட்டது. கல்லைத் தட்டிலிருந்து வெறுங்கையால் எடுத்தான். கொஞ்சங்கொஞ்சமாகத்தான் கொடுக்கும் என்று கொத்தனார் சொன்னாரே என்று, வெகுநேரம் கையை ஊதிக்கொண்டே வருத்தப்பட்டான்.

சாயங்காலம் சிட்டம்மா வந்தபோது வாசலில் மூன்று அண்ணன்மார் உதடு நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஏன் இப்படி என்று கேட்டாள். உள்ளே சூடு இருப்பதால் வெளியே இருக்கிறோம் என்று பல் தந்தியடிக்கச் சொன்னார்கள்.

அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து அவர்களைத் தெரிந்தவள். உள்ளே போய் ஒரே இழுப்பில் போர்வைகளை உருவினாள். அவற்றோடு, பகலெல்லாம் அதற்குள் தூங்கிய வீட்டுப் பூனையும் உருண்டு விழுந்தது. சுவர் இதமாகச் சுட்டது. அதன் அடியில் பிள்ளையைப் படுக்க வைத்தாள். பூனையும் பக்கத்தில் சுருண்டுகொண்டது. பிள்ளை தும்மவே இல்லை. மாமன்கள் விடிய விடியத் தும்மினார்கள். அதைப் பற்றி மாமியார் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் காலை கோயிலில் காதுகுத்து. சடையாண்டி மடியில் பிள்ளை வீல் என்று அழுதானே தவிர, தும்மவில்லை. சிட்டம்மா மாமியாருக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொல்லிவிட்டு விருந்தில் உட்கார்ந்தாள். மாமன்கள் மட்டும் சின்ன வேலை இருக்கிறது என்று வீட்டுக்குத் திரும்பினார்கள்.

விடியற்காலையிலேயே பூவலிங்கம் ஒன்றைக் கவனித்திருந்தான். சுவரைத் தொட்டான், ஆறியிருந்தது. பூனையைத் தொட்டான், வெதுவெதுவென்று இருந்தது. இப்போது மூவரும் முறை வைத்துத் தொட்டுப் பார்த்தார்கள்.

"ரெண்டும் ஒரே போர்வைக்குள்ளதான் இருந்துச்சு" என்றான் குழந்தைவேலு. "சுவரு செலவழிச்சுருச்சு. பூனை இன்னும் வச்சிருக்கு."

"அதுவும் விறகே இல்லாம" என்றான் பூவலிங்கம்.

சடையாண்டி பூனையை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார். பிறகு கடப்பாரையை எடுத்துவரச் சொன்னார்.

விருந்துக்கு அழைத்திருந்த அருளப்பன் கொத்தனார், பஸ் தாமதமாகி, வாழைப்பழச் சீப்போடு வந்து சேர்ந்தார். வீட்டு நடுவில் அவர் கட்டிய சுவர் இல்லை. கற்களெல்லாம் கழுவித் துடைத்து ஓரமாக அடுக்கியிருந்தன. மேல் கல்லில் பூனை உட்கார்ந்திருந்தது.

கொத்தனார் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சடையாண்டி தண்ணீர் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தார்.

"கல்லு உங்க கல்லுதான், குறை சொல்லக் கூடாது. கட்டுன மாதிரிதான் சரியில்ல. இந்தத் தடவை பூனையாக் கட்டிக் குடுங்க. வாலை மட்டும் கொஞ்சம் தூக்கி வச்சுக் கட்டுங்க, புகை போகணும்ல."